எட்டு நாள் கணக்கு

காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில்
'செ' என்று எழுதி வைத்தேன்.
மூன்றாம் தேதி செ.
பதினொன்றில் செ.
பத்தொன்பதில் மறுபடியும்.
ரெண்டு பென்சில் செல்லுக்கு எட்டே நாள் ஆயுசு.
அதே சுவரில் கடிகாரம்
போன கிறிஸ்துமஸுக்குப் போட்ட ஒற்றைச் செல்லில்
இன்னும் ஓடுகிறது, ரெண்டு நிமிஷம் பிந்தி.

முதலில் கடைக்காரர்மேல்தான் சந்தேகம்.
"டூப்ளிகேட் குடுத்துட்டீங்க பாய்."
பதுருதீன் பாய் கோபப்படவில்லை.
புதுசு ஒன்றைக் கல்லாமேல் நட்டக்குத்தலாகப் போட்டார்,
தொப்பென்று நின்றது.
என் பையிலிருந்த தீர்ந்துபோனதைப் போட்டார்,
துள்ளி உருண்டு
சீயக்காய்ப் பாக்கெட்டுகளுக்குள் போய்விட்டது.
"உள்ள சரக்கு இருந்தா நிக்கும்.
கோளாறு உங்க ரிமோட்டுல."

ராயபுரத்தில் எதுவும் துருப்பிடிக்கும்.
காசிமேட்டுக் காற்று
ஜன்னல் கம்பியைத் தின்றுவிட்டுத்தான் உள்ளே வரும்.
மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கில் பச்சைப் பூ.
மகளுடைய ரப்பரால் தேய்த்தேன், உப்புத்தாள் போட்டேன்.
எட்டு நாள்.

பட்டன் அமுங்கிக் கிடக்கிறதோ?
சத்தம் கூட்டும் பட்டனுக்கடியில்
வஞ்சிர மீன் குழம்பு, காய்ந்து.
ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன்.
எட்டு நாள்.

பிறகுதான் துறைமுக மூளை வேலை செய்தது.
இது பழைய ரிமோட் மாதிரி குறிபார்த்துச் சுடுவதில்லை.
சும்மா கிடக்கும்போதும்
பெட்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்,
எங்கள் வாக்கிடாக்கி மாதிரி.
கப்பலின் அடித்தட்டில் இறங்கிய அன்று
பாதி ஷிஃப்டில் செத்துப்போகும் அது.
பதில் கிடைக்காத இடத்தில்தான் தொண்டை சீக்கிரம் வறளும்.
டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோ இடுக்கில் கிடந்த பெட்டியை
இழுத்து முன்னால் வைத்தேன்.
குரல் கேட்கும் வசதியை அணைத்தேன்,
அப்டேட் போட்டேன்.
ஜெசிந்தா பார்த்துக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.
"விடு, செல்லுதானே.
கடல்காத்து. வேற என்ன."

எட்டு நாள்கூட இல்லை. ஏழு.

எனக்கு ராத்திரி ஷிஃப்ட்.
காலை எட்டுக்குப் படுத்தால் மூன்று வரை பிணம்.
ஒரே அறை, நடுவில் ஒரு திரைச்சீலை.
அன்றைக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுத்து
பதினொன்றரைக்கு விழிப்பு வந்துவிட்டது.

திரை ஓரமாய்ப் பார்த்தேன்.
டிவி ஓடுகிறது, சத்தமில்லை.
தரையில் அவள், முதுகு காட்டி.
தோள் குலுங்குகிறது.
அழுகிறாள் என்று எழுந்தேன்,
கொஞ்சம் திரும்பினாள்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.
காதிலிருந்து ஒரு வெள்ளை ஒயர்
மடிக்கு இறங்கி
ரிமோட்டின் விலாவில் முடிகிறது.

அந்த ஓட்டையை
அத்தனை தடவை துடைத்திருக்கிறேன்.
திருகாணிக்கு விட்ட இடம் என்று நினைத்தேன்.

மொத்தப் படத்தின் சத்தத்தையும்
அந்த ரெண்டு செல்தான் சுமந்திருக்கிறது,
தினமும் நாலு மணி நேரம்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது.
விசில் வருமுன் இறக்கிவைத்த குக்கர்.
காலிங்பெல் நாக்கில் மடித்துச் செருகிய அட்டை.
கதவுக் கீலில் தேங்காயெண்ணெய்.
ஆறு வருஷமாக
வின்ச் மேடையில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்,
நம்ம வீடு பகல்ல ரொம்ப அமைதிப்பா என்று.

திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.
தூக்கம் வரவில்லை.
அவள் எதற்குச் சிரித்தாள் என்று
தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் பாய் கடையில் பத்து செல் வாங்கினேன்.
கேட்காமலே ஒன்றைக் கல்லாமேல் போட்டுக் காட்டினார்.
நின்றது.

"கோளாறு தெரிஞ்சுதா?" என்றாள்,
டிபன் பாக்ஸ் மூடியை அழுத்திக்கொண்டே.

"கடல்காத்து" என்றேன்.

"நான் அப்பவே சொன்னேன்."